அரிச்சல்முனை போறீங்களா? காத்த பார்த்து கிளம்புங்க

தனுஷ்கோடிக்கு எப்ப போகலாம்னு கேட்டா எல்லாரும் லீவு நாளை பார்த்து சொல்லுவாங்க, நான் காத்த பார்த்துதான் சொல்லுவேன். ஏன்னா தனுஷ்கோடி தாண்டி நிலம் முடியற அரிச்சல்முனையில, ரோடு முடியற எடத்துல ஒரு அசோகத் தூண், சுத்தி கடல், அவ்ளோதான். அங்க நீங்க பத்து நிமிஷம் நிப்பீங்களா ரெண்டு மணி நேரம் நிப்பீங்களாங்கறத காத்துதான் முடிவு பண்ணும்.

ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் கச்சான் காத்து, அதாவது தென்மேற்குல இருந்து அடிக்கற காத்து. தெற்கால மன்னார் வளைகுடா பக்கம் அலை கரைய அடிச்சு நொறுக்கும், அதே நேரம் வடக்கு பக்கம் குளம் மாதிரி கிடக்கும். அதை பார்த்துட்டு இது ஆண்கடல் அது பெண்கடல்னு டூரிஸ்ட்கிட்ட சொல்லிடுவாங்க, ஆனா ஐப்பசி கார்த்திகைல வாடைக்காத்து தொடங்கினா கதையே மாறிடும், சாதுவா கிடந்த பெண்கடல்தான் ஆட்டம் போடும். 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடி ஊரையும் பாம்பன்ல இருந்து வந்த ரயிலையும் புயல் அடிச்சிட்டு போனதும் இந்த வாடை சீசன்லதான், அதனால நவம்பர் டிசம்பர்ல போறவங்க வானிலை அறிவிப்ப பார்க்காம பஸ் ஏறாதீங்க. என்னைக் கேட்டா ஜனவரி கடைசி, பிப்ரவரி. காத்து கொஞ்சம் தணிஞ்சிருக்கும், கோதண்டராமர் கோயில் பக்கம் தேங்கி நிக்கற தண்ணில பூநாரைங்க நிக்கறத பார்க்கவும் வாய்ப்பு இருக்கு.

ராமேஸ்வரம் பஸ் ஸ்டாண்டுல இருந்து அரசு பஸ் இருக்கு, ஆட்டோ வேன்லயும் போகலாம். முகுந்தராயர் சத்திரம் தாண்டி முனை வரைக்கும் போற ஒம்போதரை கிலோமீட்டர் ரோடு 2017ல தான் திறந்தாங்க, அதுக்கு முன்னாடி வேன்லயும் ஜீப்லயும் மணல்ல குலுங்கிட்டுதான் போகணும். பைக்ல போறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், அந்த ரோட்டுல ரெண்டு பக்கமும் மறைப்பே கிடையாது, காத்து பக்கவாட்டுல வந்து தள்ளும், ரோட்டு மேல மணல் திட்டு திட்டா ஏறிக் கிடக்கும், அதுல முன் பிரேக்கை புடிச்சீங்கன்னா போச்சு. வேகத்தை முன்னாடியே குறைச்சிக்கோங்க.

காலைல சீக்கிரம் போறது நல்லது. சாயங்காலம் அஞ்சு மணி வாக்குல செக்போஸ்ட்ல நிறுத்திடுவாங்க, உள்ள இருக்கவங்களையும் கிளப்பி விட்டுடுவாங்க, அதனால முனையில நின்னு இருட்டற வரைக்கும் ரசிக்கலாம்ங்கற பிளான் எல்லாம் வேண்டாம்.

குடை எடுத்துட்டு போகாதீங்க, விரிச்ச ரெண்டாவது நிமிஷம் கம்பி மேல பார்த்துக்கிட்டு நிக்கும். தொப்பின்னா கயிறு வச்சது, புடவைன்னா நல்லா பின் குத்திக்கோங்க, கண்ணாடி போடறவங்க ஒரு ஈரத்துணி வச்சிக்கோங்க, உப்பு படிஞ்சு எதிர்ல நிக்கறவங்களே மங்கலா தெரிவாங்க. காத்து பலமா இருக்கற அன்னிக்கு முட்டிக்கு கீழ மணல் ஊசி குத்தற மாதிரி சுருக் சுருக்குனு அடிக்கும், சின்ன பிள்ளைங்களுக்கு முகத்துலயே படும், அவங்களுக்கு முழு பேன்ட் போட்டு விடுங்க. மாங்கா கீத்து வாங்கினா காத்துக்கு முதுக காட்டி நின்னு தின்னுங்க, இல்லன்னா மிளகாப்பொடியோட மணலும் நறநறன்னு வரும்.

குளிக்கணும்னு ஆசைப்பட்டா ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்துலயே முடிச்சிட்டு வாங்க. முனையில ரெண்டு பக்க நீரோட்டமும் வந்து மோதுது, முழங்கால் தண்ணில நிக்கும்போதே காலுக்கடியில மணல் அரிச்சுக்கிட்டு ஓடும், நீச்சல் தெரிஞ்சவங்களையும் இழுத்துடும்.

திரும்பும்போது புயல்ல அழிஞ்ச பழைய தனுஷ்கோடி ஊர்ல கண்டிப்பா இறங்குங்க. பவளக்கல்லுல கட்டின சர்ச் சுவர் இன்னும் நிக்குது, பக்கத்துல போய் பார்த்தா கல்லுல பவளத்தோட வரி வரியா இருக்கறது தெரியும், ஆனா ஏறி நின்னு போட்டோ எடுக்காதீங்க, உப்புக்காத்துல அது ஏற்கனவே உதிர்ந்துக்கிட்டு இருக்கு. சுவரோட நிழல் பக்கம்தான் காத்துக்கு கொஞ்சம் ஒதுங்க இடம். அங்க இருக்கற கடைங்கள்ல பொரிச்ச மீன் கிடைக்கும், விலைய கேட்டுட்டு பொரிக்க சொல்லுங்க.

ரூமுக்கு வந்ததும் பைக்க நல்ல தண்ணி ஊத்தி கழுவி செயினுக்கு எண்ணெய் விட்டுடுங்க, வாடகை வண்டியா இருந்தாலும் சரி.