கூத்துல சின்ன வேசம் கட்டுற நம்ம புள்ளைங்களுக்கு: ஒரு குணச்சித்திர நடிகரோட முழு வாழ்க்கைய பாத்து படிக்கிறது எப்படி

மாசி பொறந்தா எங்க தேயிலை தோட்டத்துல, மன்மதன் ரதி கதைய ஆடுற காமன் கூத்துக்கு, பொட்டல்ல தப்பு மேள சத்தம் கேக்க ஆரம்பிச்சிரும். மன்மதன் யாரு ரதி யாருன்னு ஒரே அடிபுடியா இருக்கும், தூதன் வேசம்னு சொன்னா மட்டும் யாரும் கை தூக்க மாட்டாங்க. எனக்கு அதத்தான் குடுத்தாங்க. மொத வருசம் நான் போட்ட சத்தத்துல மேல் லயம் கீழ் லயம்னு வரிசை வீட்டு சனம் எல்லாம் முழிச்சிருக்கும், அவ்ளோ கத்தி ஆடுனேன். விடியக்காலம் எல்லாரும் தேத்தண்ணி குடிச்சிட்டு இருக்கும்போது கூத்து வாத்தியார் பக்கத்துல வந்து ஒக்காந்து மெதுவா சொன்னாரு, "நீ ஓலை கொண்டு வந்த ஆளுடா தம்பி, ஒன்ன பாத்து சனம் ஓலைய மறந்திருச்சு."

அந்த பேச்சுதான் என்ன குணச்சித்திர நடிகருங்க பக்கம் திருப்பிவிட்டுச்சு. கொஞ்ச நேரம் வந்து, கதைய தூக்கி குடுத்துட்டு, சத்தமில்லாம போற ஆளுங்க எப்படி செய்றாங்கன்னு தெரிஞ்சிக்கணும்னு தோணுச்சு. ரெண்டு வருசமா ஒரே ஆள மட்டும் வச்சு பாத்தேன், எப்படி பாத்தேன்னு இங்க எழுதுறேன், ஒங்க தோட்டத்துல கூத்துக்கோ ஸ்கூல் நாடகத்துக்கோ நிக்கிற புள்ளைங்களுக்கு இது கண்டிப்பா ஒதவும்.

மொதல்ல ஒரே ஒரு ஆள புடிங்க. பத்து பேர பாத்தா பத்து மொகம்தான் ஞாபகம் இருக்கும், ஒரே ஆள நாப்பது அம்பது வருசம் தொடர்ந்து பாத்தாதான் அவரு எத மாத்துறாரு எத மாத்தாம வச்சிருக்காருன்னு புரியும். நான் புடிச்சது ஹாரி டீன் ஸ்டாண்டன், அமெரிக்காக்காரர். 1926 ஜூலை 14ஆந் தேதி கென்டக்கி மாநிலத்துல வெஸ்ட் இர்வின்ங்கிற சின்ன ஊர்ல பொறந்தவரு, அப்பா பொகையில விவசாயம் செஞ்சாரு, முடியும் வெட்டுனாரு. ரெண்டாம் உலக யுத்தத்துல இவரு கடற்படையில கப்பல்ல சமையல்காரரா இருந்து ஒக்கினாவா சண்டை வரைக்கும் போயிருக்காரு. திரும்பி வந்து கென்டக்கி யுனிவர்சிட்டியில படிக்கும்போது மேடையில ஏறுனாரு, அதுக்கப்புறம் படிப்ப விட்டுட்டு கலிபோர்னியாவுல பாசடீனா பிளேஹவுஸ்ங்கிற நாடக பள்ளிக்கூடத்துக்கு போய்ட்டாரு. 1950கள்ல இருந்து சின்ன சின்ன வேசம், நூறு படத்துக்கு மேல, ஒஸ்காருக்கு ஒரு தடவ கூட பேரு போகல.

ஒரு ஆள எடுத்தா இந்த மாதிரி வாழ்க்கை வெவரத்த கொப்பியில மொத பக்கத்துல எழுதிக்கோங்க, பெருசா வேணாம், எங்க பொறந்தாரு, அப்பா என்ன வேல, சினிமாவுக்கு முந்தி என்ன செஞ்சாரு, அவ்ளோதான். கப்பல்ல சமைச்சாருங்கிற விசயம் 2017ல வந்த லக்கி படத்துல எப்படி திரும்பி வருதுன்னு கீழ சொல்றேன், அங்க வந்தப்ப எனக்கு ஒடம்பு சிலிர்த்துச்சு.

அப்புறம் படம் பாக்குற வரிசை. பெரிய படத்துல இருந்து ஆரம்பிக்காதீங்க. ஆரம்ப காலத்து டிவி குதிரைக்கார கதைங்க நெறைய இருக்கு, அதுல ஒண்ணு ரெண்டு பாத்தா போதும், மத்தத விட்ரலாம். 1967ல வந்த கூல் ஹேண்ட் லூக் படத்துல இருந்து தொடங்குங்க, அதுல போல் நியூமன்தான் ஹீரோ, இவரு ஜெயில் கைதிங்கள்ல ஒருத்தரு, கித்தார வச்சு ஒரு சாமி பாட்டு பாடுவாரு. குரல் ஒண்ணும் பெரிய குரல் இல்ல, ஆனா அந்த எடத்துக்கு அதான் சரி. 1974ல வந்த கோட்ஃபாதர் ரெண்டாம் பாகத்துல ஒரு எஃப்பிஐ ஆளா வருவாரு, கவனிக்கலன்னா போயே போயிருவாரு. அப்புடி போறதையும் பாத்து எழுதிக்கணும்.

பாக்குற விதம் இதுதான், இத மட்டும் விட்றாதீங்க. அவரு வர்ற எடத்த மொதல்ல சத்தத்த மூடிட்டு பாருங்க. நமக்கு அவங்க இங்கிலீசு, அதுலயும் கென்டக்கி இழுவை, சட்டுனு புரியாது, சப்டைட்டில் போட்டா கண்ணு எழுத்துக்கு போயிருது, மொகம் போயிருது. சத்தம் இல்லாம பாத்தா கை எங்க இருக்கு, யார பாக்குறாரு, மத்தவங்க பேசும்போது இவரு என்ன பண்றாருன்னு மட்டும்தான் தெரியும். ரெண்டாவது தடவ சத்தத்தோட, சப்டைட்டிலோட. மூணாவது தடவ அவர விட்டுட்டு அவரு பக்கத்துல நிக்கிறவர பாருங்க, இவரு அந்த ஆளுக்கு என்ன குடுக்குறாருன்னு தெரியும். எங்க பக்கம் சிக்னல் கோயில் மேட்டுல மட்டும்தான் நல்லா வரும், அதனால அங்க போய் எறக்கி வச்சுக்கிட்டு ராவுல வீட்ல ஒரு சீன மட்டும் மூணு தடவ பாப்பேன், டேட்டாவும் கொறைய போகும், ஒரு சீனும் மனசுல தங்கும்.

கொப்பியில கோடு போட்டு எழுதுங்க: வருசம், அவருக்கு அப்ப என்ன வயசு, எத்தன நிமிசம் வர்றாரு, தலையில தொப்பி இருக்கா, கையில என்ன வச்சிருக்காரு, எப்படி உள்ள வர்றாரு, எப்படி போறாரு. கடைசி ரெண்டும்தான் ரொம்ப முக்கியம். நம்ம புள்ளைங்க வேசம் கட்டுனா உள்ள வர்றதுக்கு மட்டும் பழகுறாங்க, போறதுக்கு யாருமே பழகுறதில்ல.

இப்ப 1979ல வந்த ஏலியன் படத்துக்கு வாங்க, என் கொப்பியில நாலு பக்கம் இந்த ஒரு படத்துக்கே போயிருக்கு. விண்வெளி கப்பல்ல இன்ஜின் பக்கம் வேல செய்ற ரெண்டு பேருல ஒருத்தரு இவரு, பேரு பிரட். மத்தவங்களுக்கு முழு பங்கு, எங்களுக்கு மட்டும் ஏன் கொறச்சல்னு ஆரம்பத்துலயே ரெண்டு பேரும் கேட்டுட்டு இருப்பாங்க, அத பாத்தப்ப எனக்கு காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டு களத்துல நின்னு முழு நாள் சம்பளத்துக்கும் (பேரு) அரை நாள் சம்பளத்துக்கும் (அரைப்பேரு) சண்டை புடிக்கிற நம்ம மாமாமாருங்கதான் கண்ணுல வந்தாங்க. கூட இருக்குறவரு எத சொன்னாலும் இவரு "ரைட்"னு மட்டும் சொல்லுவாரு, கிளிப்புள்ள மாதிரி சொல்றன்னு அந்த கப்பல்லயே ஒருத்தங்க கிண்டல் பண்ணுவாங்க. ஒரே ஒரு வார்த்தைய வச்சு ஒரு முழு மனுசன காட்டிட்டாரு.

அதுக்கப்புறம் அவரு பூனைய தேடி தனியா போற சீன். மேல இருந்து சங்கிலி தொங்குது, தண்ணி சொட்டிட்டு இருக்கு. பயப்பட வேண்டிய எடம், நம்ம எல்லாரும் என்ன பண்ணுவோம், கண்ண உருட்டுவோம், பின்னால பின்னால திரும்பி பாப்போம். இவரு அப்புடி ஒண்ணும் செய்யல, தொப்பிய கழட்டிட்டு மொகத்த மேல தூக்கி அந்த தண்ணிய மொகத்துல விழ விட்டுட்டு நிக்கிறாரு. வேல செஞ்சு வேர்த்த ஆளு, கொஞ்சம் குளிர்ந்தா நல்லாருக்கும்னு நிக்கிறாரு, அவ்ளோதான். மலையில மத்தியானம் பீலியில, தண்ணி கொட்டுற குழாயில, மொகம் கழுவுற ஆளுங்கள பாத்திருக்கீங்கல்ல, அதே மாதிரி. கொஞ்ச நேரத்துல அவரு செத்துருவாரு, அந்த சாவு நமக்கு வலிக்கிறதே அந்த தண்ணிக்காகத்தான். இந்த சீன குறைஞ்சது ஆறு தடவயாவது பாருங்க.

இங்க ஒரு பழைய கதைய சொல்லணும். 1966ல வந்த ரைட் இன் த வேர்ல்விண்ட்ங்கிற படத்த எழுதுனது நடிகர் ஜாக் நிக்கல்சன், ஸ்டாண்டனுக்கு நெருங்குன கூட்டாளி, இவருக்காக ஒத்தக்கண்ணுல மறைப்பு போட்ட கொள்ளக்கூட்ட தலைவன் வேசம் வச்சிருந்தாரு. நீ ஒண்ணும் செய்யாத, உடுப்பு அந்த வேலைய பாத்துக்கும், நீ நீயாவே இருன்னு நிக்கல்சன் சொன்னதா ஸ்டாண்டனே சொல்லியிருக்காரு. நமக்கு இது ரொம்ப தேவையான பேச்சு, ஏன்னா கூத்துல நமக்கு அரிதாரம் இருக்கு, உடுப்பு இருக்கு, தப்பு இருக்கு, உடுக்கு இருக்கு, பாதி வேலைய அதுங்க செய்யும்போது அதுக்கு மேல நம்ம வேற கத்துறோம்.

அடுத்தது 1984ல வந்த பாரிஸ், டெக்சஸ். இதுக்கு தனியா ஒரு நாள் ஒதுக்குங்க, பௌர்ணமிக்கு லீவு விடுற போயா தினத்துல பாருங்க, அவசரத்துல பாத்து கெடுத்துக்காதீங்க. சாம் ஷெப்பர்ட் எழுதி ஜெர்மன்காரர் விம் வெண்டர்ஸ் எடுத்தது, கான் திரைப்பட விழாவுல தங்கப்பனைங்கிற பெரிய விருத வாங்குச்சு, அப்ப நம்ம ஆளுக்கு 57 வயசு, அந்த வயசுலதான் இப்புடி ஒரு படத்த தோள்ல தூக்குற வேசம் கெடச்சுச்சு. செவப்பு தொப்பியும் கோட்டும் போட்டுக்கிட்டு பாலைவனத்துல நடந்து வர்றாரு, போத்தல்ல இருந்த கடைசி தண்ணிய குடிக்கிறாரு, ஒரு கடைக்குள்ள போய் ஐஸ் கட்டிய அள்ளி மெல்றாரு, மயங்கி விழுறாரு. ஒரு வார்த்தை கூட பேசல. படம் ஓடி இருவது நிமிசத்துக்கு மேல ஆனப்புறமும் வாய் தொறக்கல. முப்பது வருசம் பின்னால நின்னு பாத்துட்டே இருந்த ஆளாலதான் இப்புடி பேசாம நடுவுல நிக்க முடியும்னு நான் நெனைக்கிறேன்.

அந்த படத்துல நம்ம வேலைக்கு நேரா ஒதவுற சீன் ஒண்ணு இருக்கு. பல வருசமா பாக்காத மகனுக்கு முன்னால ஒரு அப்பா மாதிரி போய் நிக்கணும், எப்படி நிக்கிறதுன்னு அந்த மனுசனுக்கு தெரியல, வீட்ல வேல செய்ற பொம்பளகிட்ட கேக்குறாரு. பணக்கார அப்பான்னா வானத்த பாத்து நடக்கணும், தரைய பாக்கக்கூடாதுன்னு அவங்க நடந்து காட்டுறாங்க, இவரு கோட்டு தொப்பியெல்லாம் போட்டு நடந்து பழகுறாரு. வேசம் கட்ட கத்துக்குடுக்குற பாடம் ஒண்ண படத்துக்குள்ளயே வச்சிருக்காங்க! அப்புறம் ஸ்கூல் விட்டு ரெண்டு பேரும் ரோட்டுக்கு அந்த பக்கமும் இந்த பக்கமுமா நடந்து வருவாங்க, ஒருத்தர் நடைய ஒருத்தர் பாத்து செஞ்சுக்கிட்டே. இத உங்க கூத்து கூட்டாளி ஒருத்தரோட தோட்டத்து ரோட்டுல செஞ்சு பாருங்க, நாங்க செஞ்சோம், ரெண்டு கிழமையில ஒருத்தர் மூச்சு ஒருத்தருக்கு புடிபட்டுச்சு.

அதே 1984ல ரீப்போ மேன்னு இன்னொரு படமும் வந்துச்சு, பேசாத ஆளுக்கு நேர் எதிரா அதுல வாய் ஓயாம பேசுறாரு, ரெண்டையும் அடுத்தடுத்து பாருங்க.

1999ல டேவிட் லிஞ்ச் எடுத்த த ஸ்ட்ரெய்ட் ஸ்டோரியில ஒரு வயசாளி புல்லு வெட்டுற மிசின் மேல ஒக்காந்துக்கிட்டு 240 மைலுக்கு மேல போறாரு, பல வருசமா பேசாம இருந்த கூடப்பொறந்தவர பாக்க. அந்த கூடப்பொறந்தவர்தான் ஸ்டாண்டன். படம் முழுக்க அவரு பேரு வருது, ஆளு கடைசி கொஞ்ச நிமிசம் மட்டும்தான். இத நான் எங்க அப்பாயியோட பாத்தேன், அவங்களுக்கு இங்கிலீசு ஒரு சொல்லு தெரியாது. ஸ்டாண்டன் ஊண்டி ஊண்டி வெளிய வந்து ஒக்காந்து, அந்த மிசின பாத்துட்டு, இதுலயா என்ன பாக்க வந்தன்னு கேப்பாரு, கண்ணு கலங்கும். அப்பாயி போர்வைய தோள்ல இழுத்து விட்டுட்டு, "தம்பிக்காரன் மன்னிச்சிட்டான்"னு சொன்னாங்க. யாரு மூத்தவன் யாரு எளையவன்னு அவங்களா நெனச்சிக்கிட்டாங்க, ஆனா மன்னிச்சத அந்த மூஞ்சியில படிச்சிட்டாங்க. அந்த ராத்திரி கொப்பியில நான் எழுதுனது அப்பாயி சொன்ன அந்த வார்த்தைய மட்டும்தான்.

அமெரிக்காவுல ரோஜர் ஈபர்ட்னு பெரிய விமர்சகர் ஒருத்தர் இருந்தாரு, ஸ்டாண்டனோ, எம். எம்மெட் வோல்ஷ்ங்கிற இன்னொரு குணச்சித்திர நடிகரோ துணை வேசத்துல இருக்குற எந்த படமும் முழுசா மோசமா இருக்க முடியாதுன்னு ஒரு விதியே எழுதி வச்சாரு. ஸ்டாண்டன முடிச்சிட்டு அடுத்த ஆள தேடுறவங்க வோல்ஷ எடுத்துக்கலாம்.

கடைசியா லக்கிங்கிற படம், 2017. எடுத்தவர் ஜோன் கரோல் லிஞ்ச், அவரும் ஒரு குணச்சித்திர நடிகர்தான், அதனாலயோ என்னவோ இவர அவ்ளோ பொறுமையா பாத்திருக்காரு. ஸ்டாண்டன் 90 வயசு மனுசனா நடிக்கிறாரு, அந்த மனுசனும் யுத்தத்துல கடற்படை கப்பல்ல சமையல்காரன். கொப்பியோட மொத பக்கத்துக்கு இப்ப போய் பாருங்க. ஒரு சின்ன புள்ளையோட பிறந்தநாள் வீட்ல எழும்பி ஸ்பானிஷ்ல ஒரு பாட்டு பாடுவாரு, 1967ல கித்தாரோட பாடுன அதே சாதாரண குரல், அம்பது வருசம் கழிச்சு நடுங்கிக்கிட்டு. 2017 செப்டம்பர் 15ஆந் தேதி 91 வயசுல எறந்துட்டாரு, அமெரிக்காவுல தியேட்டருக்கு படம் வந்தது அதே மாசம் கடைசியில.

இவ்ளோவும் பாத்தப்புறம் உங்க வேசத்துக்கு வாங்க. உங்க பாட்டு வரிய ஒரு தாள்ல எழுதி, அதுல எது கதைக்கு தேவையோ அதுக்கு மட்டும் கோடு போடுங்க. வேசத்துக்கு ஒரே ஒரு சின்ன செய்கைய தேடுங்க, ஸ்டாண்டனுக்கு அந்த தண்ணி மாதிரி, அது நம்ம சனம் அன்னாடம் செய்றதா இருக்கணும். நான் தூதனுக்கு எடுத்தது கொழுந்து மலையில இருந்து மேட்டுல ஏறி வர்றவங்க மூச்சு வாங்கி இடுப்புல கைய வச்சு ஒரு நிமிசம் நிக்கிறது. தூரத்துல இருந்து ஓலை தூக்கிட்டு வந்தவன் அப்புடித்தானே நிப்பான். அப்புறம் ஓலைய நீட்டிட்டு, மன்மதன் அத வாங்குற வரைக்கும் என் கண்ண ஓலைய விட்டு எடுக்கல, வாங்குனதும் பின்னால மூணு எட்டு வச்சு கூட்டத்தோட நின்னுட்டேன்.

மூணாவது வருசம் அது. பொட்டல சுத்தி இருந்த சனம் எல்லாம் எட்டி எட்டி மன்மதன் கையத்தான் பாத்துச்சு.