பெங்களூரில் நிலைவாசலுக்கு மரம் வாங்குவோர் கேட்க வேண்டியவை

பெங்களூரில் வீடு கட்டும் நம்மவர்கள் மரக்கடையில் கன அடி என்ன விலை, வைரம் பாய்ந்த கட்டையா என்று கேட்பதோடு நின்றுவிடுகிறார்கள். அந்தக் கட்டை எங்கே வளர்ந்தது என்று கேட்டால்தான், அதனால் பருவநிலைக்கு நன்மையா கேடா என்பது விளங்கும்.

உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி கார்பன். அந்தக் கணக்கில் ஒரு கன அடி தேக்கு, காற்றிலிருந்து எடுத்த சுமார் 30 கிலோ கார்பன் டை ஆக்சைடை அடக்கி வைத்திருக்கிறது. ஆனால் வெட்டும்போது வேரிலும் கிளையிலும் மண்ணிலும் இருந்து வெளியேறும் கார்பனை, அதே இடத்தில் மறுபடியும் வளரும் மரங்கள்தான் ஈடுகட்ட வேண்டும். ஆகவே, நட்டு, வளர்த்து, வெட்டி, மீண்டும் நடும் தோட்டத்து மரமா என்பதை முதலில் கேளுங்கள். பர்மா தேக்கு பெரும்பாலும் இயற்கைக் காட்டில் வெட்டப்படுவது. கானா தேக்கு தோட்டத்தில் வளர்வது. ஆசாரி முகம் சுளித்தாலும் இரண்டாவதையே நான் பரிந்துரைப்பேன்.

உள்ளூரில் விளைந்தது போதுமென்றால் குடகின் காபித் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக், உழவர்கள் வளர்க்கும் மலைவேம்பு ஆகியவற்றை உள்வேலைகளுக்கு விசாரிக்கலாம். ஆலைகள் தமக்கு வேண்டிய மரத்தை இயற்கைக் காட்டை அழித்துப் பெறாமல் உழவர்களிடமிருந்து பெற வேண்டும் என்பதே 1988ஆம் ஆண்டு தேசிய வனக் கொள்கையின் நிலைப்பாடு. 2030க்குள் கூடுதல் காடுகளாலும் மரங்களாலும் 250 முதல் 300 கோடி டன் கார்பன் டை ஆக்சைடை ஈர்க்கும் திறனை உருவாக்குவதாக இந்தியா அளித்த வாக்குறுதியிலும் வயலோர மரங்களுக்குப் பங்குண்டு.

காட்டைப் பொறுப்போடு பராமரித்து எடுத்த மரம் என்று சான்றளிக்கும் பன்னாட்டு அமைப்பு எஃப்.எஸ்.சி. அதன் சான்று பெற்ற மரம் என்று கடைக்காரர் சொன்னால், சுவரில் சட்டமிட்டு மாட்டிய சான்றிதழைப் பார்த்துத் திருப்தியடைய வேண்டாம். சான்று எண்ணும், எந்த வகைச் சான்று என்பதும் உங்கள் பில்லிலேயே அச்சாகியிருக்க வேண்டும். அந்த எண்ணை அவ்வமைப்பின் இணையதளத்தில் எவரும் சரிபார்க்கலாம். காட்டிலிருந்து கடைவரை மரம் கைமாறும் வழியில் ஒரு வியாபாரி சான்று பெறாதவராக இருந்தாலும் அந்தச் சான்றுச் சங்கிலி அறுந்துவிடும். இனத்தில் ஐயம் இருந்தால் மல்லேஸ்வரத்தில் உள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தை அணுகலாம். ஆனால் இனம் தேக்கு என்று உறுதியானாலும், அது தோட்டத்ததா காட்டினதா என்பதைப் பில்தான் சொல்ல வேண்டும்.

பன்னாட்டுக் கணக்கீட்டு விதிகள் அறுத்த மரத்தின் கார்பனுக்கு 35 ஆண்டு, பலகை வகைகளுக்கு 25 ஆண்டு, காகிதத்துக்கு 2 ஆண்டு என அரை ஆயுள், அதாவது அடங்கிய கார்பனில் பாதி வெளியேற ஆகும் காலம், வைத்திருக்கின்றன. கட்டை நீடிக்கும்வரை கார்பனும் அதில் அடங்கியிருக்கும் என்பதால், ஈரம் வற்றப் பதப்படுத்திய கட்டையை வாங்கி, கரையான் மருந்து அடித்து, நிலையைத் தரை ஈரம் தொடாதபடி நிறுத்துங்கள். இடித்த பழைய வீட்டு நிலை நல்ல அளவில் கிடைத்தால் மேற்கண்ட விசாரணை எதுவும் தேவையில்லை. ஆணிகளைப் பிடுங்கி, இழைத்து, அதையே வைத்துவிடலாம்.