சிங்கப்பூர் – நியூயார்க்: பயண நேரத்தைக் கணக்கிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூர் சாங்கியிலிருந்து நியூயார்க் கென்னடி விமான நிலையத்துக்கு வான்வழியில் சுமார் 15,350 கி.மீ. நடுவில் எங்கும் இறங்காத விமானம் 18 மணி 40 நிமிடம் போல எடுத்துக்கொள்ளும். இவ்வளவு நீண்ட பயணத்தில் கணக்கு தப்பினால் ஒரு நாளே தப்பிப்போகும்.

அதிகம் பேர் தடுக்கி விழுவது தேதியில்தான். டிக்கெட்டில் உள்ள நேரங்கள் அந்தந்த ஊர் நேரங்கள். கோடையில் நியூயார்க் சிங்கப்பூரைவிட 12 மணி நேரம் பின்னால் இருக்கும். நவம்பர் முதல் மார்ச் வரை 13 மணி நேரம். சிங்கப்பூர் கடிகாரத்தை மாற்றுவதில்லை, அமெரிக்காதான் மாற்றுகிறது. கோடையில் நள்ளிரவு 12 மணிக்குச் சிங்கப்பூரில் கிளம்பினால், அதே தேதி காலை 6.40-க்கு நியூயார்க்கில் இறங்கலாம். ஆறரை மணி நேரப் பயணம் என்று நினைத்துவிட வேண்டாம். திரும்பும்போது இதற்கு நேர்மாறு: திங்கள் இரவு பத்தரைக்கு ஏறினால் இறங்குவது புதன் விடியற்காலை. செவ்வாய் முழுக்கக் காணாமல் போய்விடும். டிக்கெட்டில் நேரத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் '+2' இதைத்தான் சொல்கிறது. அதைக் கவனிக்காமல் செவ்வாய்க்கிழமைக்கு ஹோட்டல் போடுகிறவர்களும், அழைத்துவர ஆள் அனுப்புகிறவர்களும் உண்டு. இன்சுலின் போடும் பெரியவர்கள் பயணித்தால் ஊர்க் கடிகாரத்தை நம்பவே கூடாது. மொத்தப் பயண மணி நேரத்தைச் சொல்லி, மருத்துவரிடம் முன்கூட்டியே அட்டவணை வாங்கிவிடுங்கள்.

அடுத்தது, தூரத்தை வேகத்தால் வகுப்பது. 900 கி.மீ. வேகம் என்று போட்டால் 17 மணி நேரம்தான் வரும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்குவது எல்லாம் அதில் சேராது. அதோடு விமானம் அந்த 15,350 கி.மீ. கோட்டிலேயே பறப்பதும் இல்லை. உருண்டையான பூமியில் இவ்விரு நகரங்களுக்கும் மிகக் குறுகிய வழி வட துருவத்தை ஒட்டிப் போகிறது. சுவரில் மாட்டிய தட்டை வரைபடத்தில் ஸ்கேல் வைத்தால் இது தெரியவே தெரியாது. ஆனாலும் நியூயார்க் போகும் விமானம் பெரும்பாலும் பசிபிக் பெருங்கடல் மேலேதான் பறக்கிறது. மேற்கிலிருந்து கிழக்காக வீசும் பலத்த மேல்காற்று முதுகில் தள்ளுவதால், தூரம் கூடினாலும் நேரமும் எரிபொருளும் மிச்சம்.

பழைய நேரத்தை நம்புவதும் ஆபத்து. ரஷ்ய வான்வெளி 2022-ல் ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்ட பிறகு, சுற்றிப் போக வேண்டியிருப்பதால், ஹெல்சிங்கி (பின்லாந்து) – டோக்கியோ பயணம் ஒன்பதரை மணியிலிருந்து 13 மணி நேரமாக நீண்டுவிட்டது.

'டைரக்ட் ஃப்ளைட்' என்ற சொல்லை மட்டும் பார்த்து டிக்கெட் போடாதீர்கள். ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி ஏறும் சிங்கப்பூர் – நியூயார்க் விமானத்துக்கும் கடைசிவரை ஒரே எண்தான். 'நான்-ஸ்டாப்' என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால், நடுவில் நிற்கும் நேரத்தையும் சேர்த்துக் கூட்டுங்கள்.