ஒரு புரோட்டீன் நியூக்ளியஸுக்குள்ள எப்படி போகுது? ஸ்டெப் ஸ்டெப்பா பாத்துடலாம்

பாடப்புத்தகத்துல நியூக்ளியஸ் படம் போட்டு, ஓரத்துல நாலு ஓட்டை வரைஞ்சு "நியூக்ளியர் போர்"னு ஒரு அம்புக்குறி போட்டுட்டு அடுத்த பாடத்துக்குப் போயிடுவாங்க. நாமளும் சரி, ஓட்டை இருக்கு, புரோட்டீன் போகுதுனு விட்டுடுவோம். ஆனா ரைபோசோம் வேலை செய்யறது வெளிய சைட்டோபிளாசத்துல, டிஎன்ஏ பாலிமரேஸ், ஹிஸ்டோன் மாதிரி ஆளுங்களுக்கு வேலை இருக்கறதோ உள்ள. எது உள்ள போகணும், போனது ஏன் அப்படியே வெளிய வந்துடறதில்லனு யாராவது முடிவு பண்ணணும்ல? அந்த முடிவ எடுக்கறது ஓட்டை இல்லங்க, அதத்தான் இந்த போஸ்ட்ல பாக்கப்போறோம்.

உதாரணத்துக்கு ஒரே ஒரு புரோட்டீன எடுத்துக்கலாம், எஸ்வி40ங்கற குரங்கு வைரஸோட லார்ஜ் டி ஆன்டிஜன். 708 அமினோ அமிலம், இந்தத் துறையில எல்லாரும் முதல்ல படிக்கற கேஸ்.

ஸ்டெப் 1: சைஸ பாருங்க

சுமார் 40 கிலோடால்டனுக்கு (புரோட்டீன் எடைய சொல்ற அளவு) கீழ இருந்தா புரோட்டீன் தானாவே போர் வழியா ஊறி உள்ள போயிடும், அதுக்கு மேல போகப் போக கஷ்டம். இது கத்தி வச்சு வெட்டின மாதிரி லிமிட் கிடையாது, பெருசாக ஆக மெதுவாகும், அவ்ளோதான். நம்ம டி ஆன்டிஜன் 80 கிலோடால்டன தாண்டும், அதனால சும்மா போக முடியாது. (ஹிஸ்டோன் ரொம்ப சின்னது, தானாவே போகலாம், ஆனாலும் அதுக்கும் துணைக்கு ஆள் வருது.)

ஸ்டெப் 2: சிக்னல தேடுங்க

புரோட்டீன் சீக்வென்ஸ் எல்லாம் சேத்து வச்சிருக்கற யூனிப்ராட் சைட்ல போய் சீக்வென்ஸ ஓபன் பண்ணி, லைசின், ஆர்ஜினின் ரெண்டும் கொத்தா வர்ற இடத்த தேடுங்க. டி ஆன்டிஜன்ல 126ல இருந்து 132 வரைக்கும் பாத்தீங்கன்னா புரோலின், லைசின், லைசின், லைசின், ஆர்ஜினின், லைசின், வேலின். இந்த ஏழுதான் நியூக்ளியர் லோக்கலைசேஷன் சிக்னல். 1984ல இதுல 128வது லைசின மட்டும் த்ரியோனினா மாத்திப் பாத்தாங்க, 708ல ஒண்ணே ஒண்ணு, புரோட்டீன் சைட்டோபிளாசத்துலயே தங்கிடுச்சு. அதோட விடல, எப்பவும் வெளியவே இருக்கற பைருவேட் கைனேஸ்ங்கற என்சைம்ல இந்தச் சின்னத் துண்ட ஒட்டிவிட்டா அது நியூக்ளியஸுக்குள்ள போய் உக்காந்துக்கிச்சு!

சில புரோட்டீன்ல இந்தக் கொத்து ரெண்டா பிரிஞ்சு நடுவுல பத்து அமினோ அமிலம் மாதிரி இடைவெளி விட்டு இருக்கும், நியூக்ளியோபிளாஸ்மின் அந்த டைப். ஒரு விஷயம், கொத்து கண்ணுல பட்டதும் துள்ளிக் குதிக்காதீங்க. அது புரோட்டீனோட மேற்பரப்புல வெளிய தெரியணும். என்எஃப்-கப்பாபிக்கு சிக்னல் நல்லாவே இருக்கு, ஆனா ஐ-கப்பாபினு இன்னொரு புரோட்டீன் அத மூடிப் பிடிச்சிருக்கற வரைக்கும் வெளியதான் கிடக்கும்.

ஸ்டெப் 3: யார் பிடிக்கறாங்க?

இம்போர்ட்டின் ஆல்ஃபா, இம்போர்ட்டின் பீட்டா, ரெண்டு பேர். ஆல்ஃபா தன்னோட பள்ளத்துல சிக்னல பிடிக்கும், பீட்டா ஆல்ஃபாவோட வால பிடிக்கும். இந்த வால்லயும் லைசின் ஆர்ஜினின் கொத்து இருக்கு, பீட்டா வராதப்போ அது ஆல்ஃபாவோட சொந்தப் பள்ளத்துலயே போய் உக்காந்து இடத்த அடைச்சுக்கும். பீட்டா வந்து வால இழுத்துக்கிட்டாதான் பள்ளம் காலியாகி கார்கோ (தூக்கிட்டுப் போக வேண்டிய புரோட்டீன்) நல்லா உக்காரும். எனக்கு இந்த மொத்தக் கதையிலயே ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

ஸ்டெப் 4: போர தாண்டறது

போர் சும்மா ஓட்டை கிடையாது. சுமார் 30 வகை நியூக்ளியோபோரின், ஒவ்வொண்ணும் பல காப்பி, எட்டு பக்கமும் ஒரே மாதிரி அடுக்கி, நம்ம செல்லுல மொத்தம் 10 கோடி டால்டனுக்கு மேல வெயிட். நடுவுல பிழிஞ்சு விட்ட இடியாப்பம் மாதிரி இழை இழையா புரோட்டீன் தொங்குது, அதுல ஃபினைல்அலனின்-கிளைசின் ஜோடி திரும்பத் திரும்ப வரும். மத்த பெரிய புரோட்டீன இந்த இழைங்க தடுத்துடும், பீட்டா மேல மட்டும் அந்த ஃபினைல்அலனின் பொருந்தற குழிங்க இருக்கு, அதனால அது ஒட்டி விட்டு ஒட்டி விட்டு கார்கோவோட நகந்து போயிடும். இந்த இடத்துல எனர்ஜி எதுவும் செலவாகல. ஆனா ஒட்டி விடறது ரெண்டு பக்கமும் நடக்குமே, வந்த வழியே திரும்பியும் போகலாமே? அங்கதான் அடுத்த ஸ்டெப்.

ஸ்டெப் 5: ரான் (இத மட்டும் ரெண்டு தடவ படிங்க)

ரான்னு ஒரு சின்ன புரோட்டீன். அது கையில குவானோசின் மூணு பாஸ்பேட்டோட இருக்கும், இல்லன்னா ரெண்டு பாஸ்பேட்டோட இருக்கும். ரெண்ட எடுத்துட்டு மூண வைக்கறது ஆர்சிசி1, அது குரோமாட்டின்லயே (டிஎன்ஏவும் ஹிஸ்டோனும் சேந்தது) ஒட்டிக்கிட்டு இருக்கு, அதனால மூணு பாஸ்பேட் ரான் நியூக்ளியஸுக்குள்ளதான் உருவாகும். மூண ரெண்டாக்க ரானுக்கு உதவற ரான்கேப் வெளிய இருக்கு. அதனால உள்ள மூணு பாஸ்பேட் ரான் ஜாஸ்தி, வெளிய கிட்டத்தட்ட கிடையாது.

இப்ப கார்கோவோட பீட்டா உள்ள வருது, மூணு பாஸ்பேட் ரான் பீட்டாவ பிடிக்குது, ஆல்ஃபாவும் கார்கோவும் கழண்டுடுது. பீட்டா ரானோட வெளிய போகுது, ஆல்ஃபாவ சிஏஎஸ்னு இன்னொருத்தர் இன்னொரு ரானோட வெளிய கூட்டிட்டுப் போறாரு, வெளிய ரான்கேப் உதவியோட ரான் ஒரு பாஸ்பேட்ட வெட்டினதும் எல்லாரும் பிரிஞ்சு அடுத்த ரவுண்டுக்கு ரெடி. எனர்ஜி செலவு இங்கதான். ரான மட்டும் திரும்ப உள்ள கொண்டுவர என்டிஎஃப்2 இருக்கு.

போர்தான் திசைய முடிவு பண்ணுதுனு இன்னும் தோணுச்சுன்னா இதப் பாருங்க: 1999ல, பிளாஸ்மா மெம்பிரேன்ல ஓட்டை போட்ட செல்லுல வெளிப்பக்கம் நிறைய மூணு பாஸ்பேட் ரான போட்டாங்க, வெளிய போக வேண்டிய கார்கோ தலைகீழா உள்ள போச்சு. போர் அதே போர்தான்.

ஸ்டெப் 6: லேப்ல செஞ்சு பாக்கறவங்களுக்கு

சிக்னல ஜிஎஃப்பியோட (பச்சையா ஒளிர்ற புரோட்டீன்) ஒட்டி, லேப்ல வளக்கற ஹீலாங்கற மனித செல்லுக்குள்ள போட்டு, நியூக்ளியஸுக்கு டாபிங்கற நீல ஸ்டெயின் போட்டு, பச்சையும் நீலமும் ஒண்ணா விழுதானு பாக்கணும். நிறைய பேர் சறுக்கறது இங்க: ஜிஎஃப்பி வெறும் 27 கிலோடால்டன், சிக்னலே இல்லாம செல் முழுக்க, நியூக்ளியஸ் உட்பட, பச்சையா தெரியும். அதனால மூணு ஜிஎஃப்பிய வரிசையா கோத்து பெருசாக்கிட்டு டெஸ்ட் பண்ணுங்க. கூடவே ஒரு லைசின மாத்தின வெர்ஷனையும், சிக்னலே இல்லாத வெர்ஷனையும் அதே நாள்ல அதே எக்ஸ்போஷர்ல போட்டோ எடுங்க. இதே மாத்தத்த உங்க முழு புரோட்டீன்லயும் செஞ்சு பாருங்க, அப்பவும் உள்ள போச்சுன்னா வேற சிக்னல் ஒண்ணு ஒளிஞ்சிருக்கு, இல்லன்னா சிக்னல் உள்ள வேற புரோட்டீனோட ஒட்டிக்கிட்டு போகுது. அப்போ யூனிப்ராட்ட திரும்ப ஓபன் பண்ண வேண்டியதுதான்.