வேதியியல் செய்முறையிலும் ஆய்விலும் தேர்ச்சி பெறுவது எப்படி?

வேதியியல் மாணவர் தம் அறிக்கையில் எழுதும் ஒவ்வொரு எண்ணைப் பற்றியும், அது எந்தக் கருவியிலிருந்து வந்தது, எந்தச் சூழ்நிலையில் அளக்கப்பட்டது, எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்று யார் கேட்டாலும் தயங்காமல் விடை சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும். செய்முறைத் திறன் என்றும் ஆய்வுத் திறன் என்றும் நாம் பிரித்துப் பேசுகிற இரண்டுக்கும் அடித்தளம் இந்த ஒரு பழக்கமே என்பது என் உறுதியான கருத்து.

வேலை ஆய்வகத்துக்குள் நுழைவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. செய்முறைக் குறிப்பை வாசிக்கும்போது ஒவ்வொரு படியையும் ஏன் செய்கிறோம் என்பதை ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். காரணம் எழுத முடியாத படி எதுவோ, அதைத்தான் ஆசிரியரிடம் கேட்க வேண்டும். பயன்படுத்தப்போகும் ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் உரிய பாதுகாப்புத் தரவுத்தாளில் 16 பகுதிகள் இருக்கும். முழுவதையும் படிக்க நேரமில்லாவிட்டாலும், ஆபத்துகளைக் கூறும் 2ஆம் பகுதியையும், கையுறை, கண்ணாடி முதலியவற்றைக் கூறும் 8ஆம் பகுதியையும், கழிவை அகற்றும் முறையைக் கூறும் 13ஆம் பகுதியையும் படிக்காமல் புட்டியைத் திறக்கக் கூடாது.

அடுத்து, தரம் பார்த்தல்: அளவு தெரிந்த ஒரு பொருளோடு முழுமையாக வினைபுரிய ஒரு கரைசல் எவ்வளவு செலவாகிறது என்று அளந்து, அதன் செறிவைக் கணக்கிடும் முறை. எல்லா மாணவரும் செய்கிற எளிய சோதனை இது. அதனாலேயே பெரும்பாலும் கவனக்குறைவாகச் செய்யப்படுகிறது. சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலின் செறிவைக் கண்டறிவதை எடுத்துக்கொள்வோம். இந்தப் பொருள் காற்றிலுள்ள ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் ஈர்த்துக்கொள்வதால், அதை எடைபோட்டுக் கரைத்த மாத்திரத்தில் செறிவு தெரிந்துவிட்டதாக எண்ண முடியாது. ஆகவே, தூய்மையாகக் கிடைப்பதும் காற்றில் மாறாததுமான பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட் என்ற அமில உப்பை உலர்த்தி, எடைபோட்டு, அதற்கு எதிராகத் தரம் பார்க்கிறோம். அதன் மோலார் நிறை, அதாவது ஒரு மோலின் நிறை, 204.22 கிராம் என்பதால், 0.5105 கிராம் எடுத்தால் அதில் 2.500 மில்லிமோல் இருக்கும். காரக் கரைசல் சரியாக 0.1000 மோலார் (லிட்டருக்கு 0.1000 மோல்) செறிவுடையதாக இருந்தால் 25.00 மில்லிலிட்டர் செலவாகும். இந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டு வைத்திருக்கும் மாணவர், 20 மில்லிலிட்டரைத் தாண்டியதும் சொட்டு சொட்டாக விடத் தொடங்குவார்.

கரைசலை அளந்து சொட்டவிடும் குறியிட்ட கண்ணாடிக் குழாயான பியூரெட்டை, அதில் நிரப்பப்போகும் கரைசலாலேயே இரண்டு முறை கழுவ வேண்டும். இல்லையென்றால் உள்ளே ஒட்டியிருக்கும் நீர் கரைசலை நீர்த்துப்போகச் செய்யும். கூம்புக் குடுவைக்கு இதற்கு நேர்மாறான விதி: அதைக் காய்ச்சி வடித்த நீரால் மட்டுமே கழுவ வேண்டும். வினைபுரியப்போகும் பொருளின் அளவு தராசாலோ, குறித்த அளவு திரவத்தை உறிஞ்சி எடுக்கும் பிப்பெட்டாலோ ஏற்கெனவே உறுதியாகிவிட்டதால், குடுவையில் எஞ்சியிருக்கும் நீர் முடிவைப் பாதிப்பதில்லை. மாறாக, குடுவையைக் கரைசலால் கழுவினால் கணக்கில் வராத பொருள் உள்ளே தங்கிவிடும். இந்த இரண்டு விதிகளையும் மனப்பாடம் செய்பவர் தேர்வு நாளில் குழம்புவார்; காரணத்தைப் புரிந்துகொண்டவர் குழம்புவதில்லை.

பியூரெட்டின் முனையில் காற்றுக்குமிழி இல்லை என்பதை உறுதிசெய்து, மேலிருக்கும் புனலை எடுத்துவிட்ட பிறகே முதல் அளவீட்டைக் குறிக்க வேண்டும். கண், திரவ வளைவின் அடிமட்டத்துக்கு நேராக இருக்க வேண்டும். மேலிருந்தோ கீழிருந்தோ பார்த்தால் இடமாறு தோற்றப் பிழை வரும். பியூரெட்டின் கோடுகள் 0.1 மில்லிலிட்டர் இடைவெளியில் இருந்தாலும், இரண்டு கோடுகளுக்கு நடுவே மதிப்பிட்டு இரண்டாம் தசம இடம் வரை எழுதுவதுதான் முறை. வினை முடிந்ததை நிறமாற்றத்தால் காட்டும் பினாப்தலீனின் வெளிர் இளஞ்சிவப்பு ஏறக்குறைய அரை நிமிடம் நிலைத்தால் போதும். அதற்குப் பிறகு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைந்து நிறம் மங்குவது இயல்பு என்பதால், மங்கிவிட்டதே என்று மேலும் சேர்க்கக் கூடாது.

இங்கே பிழைகளை ஒப்பிட்டுப் பார்க்கப் பழக வேண்டும். உயர்தரமான 50 மில்லிலிட்டர் பியூரெட்டுக்கு அனுமதிக்கப்பட்ட பிழை 0.05 மில்லிலிட்டர். செலவான அளவு 25 மில்லிலிட்டர் என்றால் இது 0.2 சதவீதம், 5 மில்லிலிட்டர் மட்டுமே செலவானால் 1 சதவீதமாகிவிடும். அரை கிராமை 0.1 மில்லிகிராம் வரை காட்டும் தராசில் எடைபோடும்போது ஏற்படும் பிழையோ 0.02 சதவீத அளவில்தான் இருக்கும். ஆகவே இந்தச் சோதனையின் பலவீனமான கண்ணி பியூரெட்தான். தராசில் இன்னொரு தசம இடத்துக்காகப் பாடுபடுவதைவிட, 20 மில்லிலிட்டருக்கு மேல் செலவாகும்படி செறிவுகளைத் தேர்ந்தெடுப்பதே பயன் தரும். எந்தச் சோதனையிலும் முதலில் பலவீனமான படியைக் கண்டுபிடிப்பதுதான் ஆய்வாளரின் மனநிலை.

குறிப்பேட்டைப் பற்றி நான் சற்றுக் கண்டிப்பாகவே சொல்ல விரும்புகிறேன். பக்க எண்ணிட்ட, தைத்த குறிப்பேட்டில், மையால், அந்த நேரத்திலேயே எழுத வேண்டும். துண்டுக் காகிதத்தில் குறித்துப் பிறகு அழகாகப் படியெடுப்பது நேர்த்தியல்ல, தரவைத் தொலைக்கும் வழி. செய்முறைக் குறிப்பில் 2 கிராம் என்றிருந்து நீங்கள் எடுத்தது 2.037 கிராம் என்றால், 2.037 என்றே எழுதுங்கள். தவறான எண்ணின் மேல் ஒற்றைக் கோடு கிழித்து, அது படிக்கத் தெரியும்படி விட்டு, பக்கத்தில் காரணத்தைக் குறியுங்கள். ஒத்துவராத அளவீட்டையும் அப்படியே வைத்திருக்க வேண்டும்.

ஏன் என்பதற்கு வேதியியல் வரலாறே சாட்சி. ஆங்கில இயற்பியலாளர் ரேலி பிரபு நைட்ரஜனின் அடர்த்தியை அளந்தபோது, காற்றிலிருந்து பெற்ற நைட்ரஜன் ஒரு கண்ணாடிக் கோளத்தில் ஏறத்தாழ 2.310 கிராமும், வேதிச் சேர்மங்களிலிருந்து பெற்ற நைட்ரஜன் அதே கோளத்தில் ஏறத்தாழ 2.299 கிராமும் இருந்தன. இந்தச் சிறு வேறுபாட்டை அவர் சராசரி எடுத்து மறைக்கவில்லை. 1892இல் அதை வெளிப்படையாக எழுதி, மற்ற வேதியியலாளர்களின் விளக்கத்தைக் கேட்டார். வேதியியலாளர் வில்லியம் ராம்சேயுடன் சேர்ந்து தொடர்ந்த ஆய்வில், காற்றில் கலந்திருந்த ஆர்கான் என்ற புதிய வாயு 1894இல் வெளிப்பட்டது.

கரிம வேதியியலில் தூய்மைப்படுத்தலே பெரும் திறன். 5 கிராம் பென்சாயிக் அமிலத்தை நீரில் மறுபடிகமாக்குவதாக, அதாவது சூடான நீரில் கரைத்துக் குளிரவிட்டு மீண்டும் படிகமாகப் பெறுவதாகக் கொள்வோம். கொதிநிலைக்கருகே ஒரு லிட்டர் நீரில் சுமார் 56 கிராமும், 25 டிகிரி செல்சியஸில் சுமார் 3.4 கிராமும் கரையும். 100 மில்லிலிட்டர் கொதிநீரில் கரைத்தால், குளிர்ந்த பின் கரைசலில் தங்கி இழப்பாவது 0.34 கிராம்தான், எளிதாகக் கரையட்டும் என்று 300 மில்லிலிட்டர் ஊற்றிவிட்டால் ஒரு கிராமுக்கு மேல் போய்விடும். குறைந்த அளவு சூடான கரைப்பான் என்று எல்லாப் பாடநூல்களும் வலியுறுத்துவதன் பொருள் இதுதான். பிறகு மெதுவாகக் குளிரவிட வேண்டும். அவசரமாகக் குளிர்வித்தால் படிகங்கள் மாசைச் சிறைப்பிடித்துக்கொள்ளும்.

உருகுநிலையை ஒற்றை எண்ணாக எழுதாமல், உருகத் தொடங்கிய வெப்பநிலையையும் முழுவதும் உருகி முடித்த வெப்பநிலையையும் எழுதுங்கள். நெருங்கும்போது நிமிடத்துக்கு ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் ஏற்றக் கூடாது. எண் ஒத்துப்போவதாலேயே பொருள் அதுதான் என்று முடிவுகட்டவும் கூடாது. யூரியாவும் சின்னமிக் அமிலமும் ஏறத்தாழ 133 டிகிரியிலேயே உருகுகின்றன. இரண்டையும் கலந்து பொடித்துச் சூடாக்கினாலோ, கலவை அதைவிட மிகக் குறைந்த வெப்பநிலையில், பரந்த இடைவெளியில் உருகும். இனம் தெரிந்த பொருளோடு கலந்து பார்க்கும் இந்தச் சோதனைக்குச் சில நிமிடங்களே பிடிக்கும், சந்தேகம் தீர்ந்துவிடும்.

நூல்தேடலிலும் இதே கவனம் வேண்டும். ஒரே சேர்மத்துக்குப் பல பெயர்கள் இருப்பதால், பெயரைக் கொண்டு தேடுவதைவிட ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் தனித்தனியே வழங்கப்படும் சிஏஎஸ் பதிவெண்ணைக் கொண்டு தேடுவது நல்லது. நீரற்ற காப்பர் சல்பேட்டின் எண் 7758-98-7. ஐந்து நீர் மூலக்கூறுகள் கொண்ட நீலப் படிகத்தின் எண் 7758-99-8. முன்னதன் மோலார் நிறை 159.6 கிராம், பின்னது 249.7 கிராம். கட்டுரை எதைக் குறிக்கிறது என்று பார்க்காமல் நீரற்றதற்குரிய எடையில் நீலப் படிகத்தைக் கரைத்தால் செறிவு சுமார் 36 சதவீதம் குறைந்துவிடும். பதிவெண்ணைச் சரியாகப் படியெடுத்தோமா என்பதையும் சோதிக்கலாம். நீரின் எண் 7732-18-5. கடைசி இலக்கத்தை விட்டுவிட்டு, மற்றவற்றை வலமிருந்து இடமாக 1, 2, 3 என வரிசையாகப் பெருக்கிக் கூட்டினால் 105 வரும். அந்தக் கூட்டுத்தொகையின் கடைசி இலக்கமான 5தான் எண்ணின் இறுதியிலும் நிற்கிறது.

புதிய தலைப்பில் இறங்கும்போது அண்மைய மீளாய்வுக் கட்டுரை ஒன்றிலிருந்து தொடங்கி, அது சுட்டும் பழைய கட்டுரைகளுக்கும், அதைச் சுட்டும் புதிய கட்டுரைகளுக்கும் செல்லுங்கள். சுருக்கத்தையும் முடிவுரையையும் மட்டும் வாசித்து நிறுத்திவிடாமல், செய்முறைப் பகுதியையும் துணைத் தகவலையும் வரி வரியாகப் படியுங்கள். எவ்வளவு கரைப்பான், எவ்வளவு நேரம், விளைச்சல் எத்தனை சதவீதம், தூய்மை எப்படி உறுதிசெய்யப்பட்டது என்பவை அங்கேதான் இருக்கும். ஒரு மதிப்பை எடுத்தாளும்போது, அதை மேற்கோள் காட்டிய கட்டுரையோடு நின்றுவிடாமல், அதை முதலில் அளந்தவர்களின் கட்டுரைக்கே சென்று வெப்பநிலையையும் அலகையும் சரிபார்த்த பிறகே உங்கள் அறிக்கையில் எழுதுங்கள்.