நீங்கள் வெளிநாட்டில், உங்கள் கார் குன்னூரில்: வாகனம் களவு போனால் காப்பீட்டுத் தொகை பெறும் முறை

குன்னூரிலும் கோத்தகிரியிலும் பல வீடுகளுக்கு வாசல் வரை சாலை கிடையாது. காரை மேலே சாலையோரத்தில் நிறுத்திவிட்டுப் படிக்கட்டில் இறங்கித்தான் வீட்டுக்குப் போக வேண்டும். மகன் வீட்டுக்கென்று லண்டனுக்கோ துபாய்க்கோ இரண்டு மூன்று மாதம் செல்பவர்கள், காருக்கு உறை போட்டு அதே சாலையோரத்தில் விட்டுச் செல்கிறார்கள். மேகம் இறங்கும் மாதங்களில் அந்த இடத்தை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை என்பதால், வண்டி காணாமல் போனது தெரியவே சில நாள் ஆகிவிடுகிறது. அவ்வாறு நேர்ந்தால் அயல்நாட்டில் இருந்தபடியே செய்ய வேண்டியவற்றை, காப்பீட்டுக் கோரிக்கையை முதன்முறையாகக் கையாள்பவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் பாலிசியைப் பாருங்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் திருட்டுக்கு ஒரு ரூபாயும் கிடைக்காது. முழுமைக் காப்பீடு, அல்லது சொந்தச் சேதத்துக்கும் திருட்டுக்கும் தனியே எடுத்த காப்பீடு இருக்க வேண்டும். காலாவதி நாள் பயணத்தின் நடுவில் வருகிறதா என்பதையும் புறப்படும் முன்பே பார்த்துவிடுவது நல்லது. காலாவதியான பிறகு 90 நாள் அவகாசம் உண்டு என்று பலர் நம்புகிறார்கள். அந்த அவகாசம் கோரிக்கையில்லா ஆண்டுகளுக்கான தள்ளுபடியைக் காப்பாற்றுமே தவிர, இடைப்பட்ட நாளில் களவு போன வண்டியைக் காப்பாற்றாது.

படி 1: திருட்டுதானா என்று உறுதி செய்யுங்கள்

வண்டி இல்லை என்று ஊரிலிருந்து அழைப்பு வந்தவுடன், அந்த வெற்றிடத்தையும் சுற்றுப்புறத்தையும் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உறவினர் யாராவது எடுத்துச் சென்றார்களா, போக்குவரத்துக் காவலர் இழுத்துச் சென்றார்களா, கடன் தவணை தவறியதால் நிதி நிறுவனத்தார் கைப்பற்றினார்களா என்று விசாரிக்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கும்போது வங்கிக் கணக்கில் இருப்புக் குறைந்து தவணை திரும்பியிருக்கலாம். மலையில் கூடுதலாக ஒன்றையும் பார்க்க வேண்டும்: ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பி நிறுத்திய வண்டி சரிவில் உருண்டு தேயிலைக்குள் கிடக்கலாம். இவை எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகக் கூடாது.

படி 2: ஊரில் இருப்பவரைக் கொண்டு புகார் கொடுங்கள்

வெளிநாட்டிலிருந்து நீங்கள் 112 ஐ அழைத்தால் அது நம் ஊர்க் காவல்துறைக்கு வராது. ஆகையால் ஊரில் இருப்பவரே அழைக்க வேண்டும். மலையிலிருந்து கீழே இறங்கும் வழிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. பர்லியார் வழியாக மேட்டுப்பாளையம், கோத்தகிரியிலிருந்து குஞ்சப்பனை, மஞ்சூரிலிருந்து கெத்தை, கூடலூர்ப் பக்கம் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் செல்லும் சாலைகள் என்று அவை முடிந்துவிடும். இவற்றுள் முதுமலை, பந்திப்பூர் வழிச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்பட்டிருக்கும். சோதனைச் சாவடிகளுக்கு வண்டி எண் விரைவாகப் போய்ச் சேர்ந்தால் வண்டியே திரும்பக் கிடைக்க வாய்ப்பு உண்டு என்பதால், முதல் அழைப்பைத் தாமதிக்க வேண்டாம்.

திருட்டைப் பற்றிய தகவலை உரிமையாளர்தான் தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதை அறிந்த எவரும் தரலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173 ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்த எல்லை எதுவாயினும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தரலாம். உங்கள் தம்பி கோயம்புத்தூரில் இருந்தால், அவர் அங்கேயே கொடுத்துப் பின்னர் குன்னூருக்கு மாற்றச் செய்ய முடியும். மின்னணு வழியிலும் தகவல் தரலாம். ஆனால் தந்தவர் மூன்று நாளுக்குள் கையொப்பம் இட்டால்தான் அது பதிவாகும். நீங்கள் கடல் கடந்து இருக்கும்போது அது நடவாது என்பதால், ஊரில் உள்ளவர் பெயரில் புகார் கொடுப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

புகாரில் பதிவு எண், இன்ஜின் எண், சேசிஸ் எண் ஆகியவற்றோடு, வண்டியைக் கடைசியாகப் பார்த்தவர் யார், எந்த நாளில், காணவில்லை என்று கண்டவர் யார், எப்போது என்பவற்றைத் தனித்தனியே எழுத வேண்டும். களவு நடந்த நாள் தெரியாதபோது ஊகமாக ஒரு நாளைக் குறிப்பிடுவது பின்னால் பெரும் தொல்லை தரும். ‘இந்த நாளுக்கும் அந்த நாளுக்கும் இடையில்’ என்று எழுதினால் போதும்.

நம் காவல் நிலையங்களில் முதலில் சி.எஸ்.ஆர். என்னும் மனு ரசீதைக் கொடுத்து அனுப்புவது வழக்கம். காப்பீட்டு நிறுவனத்துக்கு அது போதாது. குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், திருட்டுக்குரிய 303 ஆம் பிரிவில் பதிவான முதல் தகவல் அறிக்கையே வேண்டும். அதன் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். பதிவு செய்ய மறுத்தால், புகாரை உதகமண்டலத்தில் உள்ள மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம்.

படி 3: அதே நாளில் நிறுவனத்துக்கு மின்னஞ்சல்

கட்டணமில்லாத் தொலைபேசி எண்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து கிடைப்பதில்லை. ஆகவே பாலிசி எண், வண்டி எண், தெரியவந்த நேரம் ஆகியவற்றுடன் உங்கள் சொந்த மின்னஞ்சலிலிருந்து எழுதிக் கோரிக்கை எண்ணைப் பெறுங்கள். முதல் தகவல் அறிக்கைக்காகக் காத்திருக்க வேண்டாம். அதைப் பிறகு அனுப்பலாம். காவல்துறையிடம் உடனே புகார் அளித்திருந்தால், நிறுவனத்துக்குத் தாமதமாகத் தெரிவித்தார் என்ற காரணத்தை மட்டும் சொல்லிக் கோரிக்கையை மறுக்க முடியாது என்று குர்ஷிந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 இல் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு தாமதித்தவர்களுக்கான அரண்; நீங்கள் அதை நம்பித் தாமதிக்கத் தேவையில்லை.

படி 4: சாவிகள்

கோரிக்கைகள் தடுக்கி விழும் இடம் இது. வண்டியுடன் தரப்பட்ட இரண்டு சாவிகளையும் நிறுவனம் கேட்கும். குளிரில் பேட்டரி இறங்கிவிடும் என்பதால், வாரம் ஒருமுறை இன்ஜினை ஓட்டி வைக்கச் சொல்லிச் சாவியைப் பக்கத்து வீட்டாரிடம் கொடுத்துச் செல்வது மலையில் எல்லோரும் செய்வதுதான். அதில் தவறில்லை, ஆனால் காப்பீட்டு நிறுவனத்தின் விசாரணை அலுவலர், வண்டியைப் பாதுகாக்க நியாயமான கவனம் எடுக்க வேண்டும் என்ற பாலிசி நிபந்தனையைக் காட்டிக் கேள்வி எழுப்புவார். சாவி யாரிடம், எந்த நாள் முதல், எதற்காக இருந்தது என்பதற்கு நீங்கள் புறப்படும் முன் அனுப்பிய ஒரு வாட்ஸ்அப் செய்தி இருந்தாலே பதில் சொல்லிவிடலாம். சாவியை வாங்கி வைத்தவரும் கையொப்பமிட்டு ஓர் எழுத்து வாக்குமூலம் தர வேண்டும். ஒரு சாவி முன்பே தொலைந்திருந்தால் அதை மறைக்காதீர்கள். மாற்றுச் சாவி செய்த ரசீதைத் தேடி எடுங்கள். சாவி தொடர்பான கவனக்குறைவு இருந்தாலும் கோரிக்கை முழுதும் செத்துவிடுவதில்லை: சாவியை வண்டியிலேயே விட்டு ஓட்டுநர் இறங்கிய ஒரு லாரி வழக்கில், 75 விழுக்காடு வழங்குமாறு உச்ச நீதிமன்றம் 2023 இல் உத்தரவிட்டது.

படி 5: ஆவணங்களும் அதிகாரப் பத்திரமும்

பதிவுச் சான்று, பாலிசி, முதல் தகவல் அறிக்கை, சாவிகள், கடன் இருந்தால் வங்கியின் கணக்கு அறிக்கை ஆகியவை தேவைப்படும். பதிவு செய்த வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கும், அதாவது டிஎன் 43 என்றால் உதகைக்கு, களவைப் பற்றி எழுதி ஒப்புகை வாங்குங்கள். வண்டியை வேறொருவர் பெயருக்கு மாற்றுவதைத் தடுக்க அது உதவும். வெளிநாட்டில் இருந்ததற்குச் சான்றாகக் கடவுச்சீட்டின் முத்திரைப் பக்கங்களையும் அனுப்புங்கள்.

உங்கள் சார்பில் கையெழுத்திடப் போகிறவருக்கு அதிகாரப் பத்திரம் தேவை. அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்றுக் கூரியரில் அனுப்பிய பத்திரத்துக்கு, அது இந்தியாவுக்கு வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும்.

படி 6: தொகையும் கையெழுத்தும்

வண்டியைக் கண்டுபிடிக்க இயலவில்லை என்று காவல்துறை நீதிமன்றத்தில் இறுதி அறிக்கை தாக்கல் செய்த பிறகே பெரும்பாலும் பணம் வரும். அதற்குச் சில மாதம் ஆகலாம். கிடைக்கும் தொகைக்கு அடிப்படை, பாலிசியில் அச்சிட்டுள்ள ஐ.டி.வி., அதாவது வண்டிக்குக் காப்பீட்டில் குறித்த மதிப்பு. வண்டியின் வயதுக்கேற்ற தேய்மானம், ஆறு மாதம் வரை 5 விழுக்காட்டில் தொடங்கி நான்கு ஐந்து ஆண்டுக்குள் 50 விழுக்காடு வரை, அதில் ஏற்கெனவே கழிக்கப்பட்டிருக்கும். அதே பாலிசி ஆண்டுக்குள் மறுபடி கழிக்க இடமில்லை. கட்டாயக் கழிவாக, அதாவது நீங்களே ஏற்க வேண்டிய பங்காக, 1500 சிசி வரையுள்ள காருக்கு 1000 ரூபாயும், அதற்கு மேற்பட்டதற்கு 2000 ரூபாயும் போகும். கடன் இருந்தால் முதலில் வங்கிக்குத்தான் பணம் செல்லும். வண்டிக்குள் இருந்த மடிக்கணினி, பெட்டி ஆகியவற்றை இந்தப் பாலிசி ஏற்காது.

படிவம் 28, 29, 30 ஆகியவற்றில் வெற்றாகக் கையெழுத்துக் கேட்பார்கள். உரிமை மாற்றத்துக்கு அவை தேவைதான். ஆயினும் எவ்வளவு தொகை என்பதை எழுத்தில் பெற்ற பிறகே கொடுங்கள்.

மறுப்போ குறைந்த தொகையோ வந்தால், முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் தக்க பதில் வராவிட்டால், சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம். 50 லட்சம் ரூபாய் வரையான கோரிக்கைகளை அவர் ஏற்பார். கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் வேண்டாம்.

பணம் வருவதற்கு முன்பே வண்டி கிடைத்துவிட்டால், நீதிமன்ற உத்தரவு பெற்று அதை மீட்டுச் சேதத்துக்கு மட்டும் கோரலாம். பணம் வாங்கிய பின் கிடைத்தால் அது நிறுவனத்துக்குரியது. அந்தத் தகவலை அன்றைக்கே நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் தெரிவித்து, அதன் நகலைக் காவல் நிலையத்துக்கும் அனுப்பிவிடுங்கள்.