பெரிய நாயுடன் கட்டுநாயக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வரை: வாகனத்தில் இருக்க வேண்டியவை

ஓய்வு பெற்ற பின் ஆண்டின் சில மாதங்களை ஊரில் கழிக்கும் நம்மவர்களில் சிலர், இலண்டனிலோ ரொறன்ரோவிலோ வளர்த்த நாயையும் கூடவே அழைத்துச் செல்கிறார்கள். கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்தின் இறக்குமதி அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். விமான நிலையத்துக்கு வெளியே தொடங்கும் ஏழெட்டு மணித்தியால வீதிப் பயணத்தைப் பற்றித்தான் எவரும் சொல்வதில்லை. முப்பது, நாற்பது கிலோ எடையுள்ள லாப்ரடோருக்கோ அல்சேசனுக்கோ அந்தப் பயணத்தில் முதல் எதிரி வெப்பம். ஆகவே பொதி கட்டும்போது முதலிடம் தண்ணீருக்கும் குளிர்ச்சிக்கும் உரியது.

வாகனத்தை ஒழுங்கு செய்வதும் பொதி கட்டுவதன் ஒரு பகுதியே. பெரிய நாய் விமானத்தில் வந்த கூண்டு காருக்குள் நுழையாது. பின்னிருக்கைகளை மடிக்கவோ கழற்றவோ கூடிய கே.டி.எச். (டொயோட்டா ஹையேஸ்) வான் பொருத்தமானது, ஆனாலும் கூண்டின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சாரதிக்கு முன்பே அனுப்பி, பின்கதவால் அது ஏறுமா என்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள். நாய் வருகிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், ஏனெனில் சில சாரதிகள் நாயை ஏற்ற விரும்புவதில்லை. குளிரூட்டியின் காற்று பின்பக்கம் வரை வருகிறதா என்பதைப் புறப்படுவதற்கு முன் கையை வைத்துப் பார்ப்பது நல்லது. முன்னால் இருப்பவர்களுக்குக் குளிரும்போதே பின்னால் கூண்டுக்குள் நாய் மூச்சிரைத்துக்கொண்டிருக்கலாம். கூண்டை இருக்கைச் சட்டங்களோடு இறுக்கிக் கட்ட இரண்டு பட்டிகளும், தரையில் விரிக்க வழுக்காத றப்பர் விரிப்பும் தேவை. வளைவுகளில் கால் வழுக்கும் நாய் படுக்காமல் நின்றபடியே வந்து களைத்துப்போகும்.

முப்பது கிலோ நாய் சாதாரண நாளிலேயே ஒன்றரை முதல் இரண்டு லீற்றர் வரை தண்ணீர் குடிக்கும். பயண நாளில் குடிக்கவும் உடலை நனைக்கவுமாகச் சேர்த்து, ஐந்து லீற்றர்ப் போத்தல்கள் இரண்டை அதற்கென்றே தனியாக வைத்திருங்கள். அகலமான பாத்திரம் ஒன்று, பழைய துவாய்கள் மூன்று நான்கு, மின்கலத்தில் இயங்கும் சிறு விசிறி ஒன்று, டிஜிற்றல் வெப்பமானி ஒன்று ஆகியவை கைக்கெட்டும் பையில் இருக்கட்டும். நாயின் இயல்பான உடல் வெப்பநிலை ஏறத்தாழ 38 முதல் 39 பாகை செல்சியஸ் வரை இருக்கும். 41ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. விடாத மூச்சிரைப்பு, கெட்டியான எச்சில், கடுஞ்சிவப்பான முரசு (பல் ஈறு), தள்ளாட்டம் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் வாகனத்தை நிழலில் நிறுத்தி, வயிற்றையும் தொடையிடுக்கையும் பாதங்களையும் தண்ணீரால் நனைத்து, விசிறியைப் பிடியுங்கள். ஈரத் துவாயை அதன் மேல் போர்த்த வேண்டாம், அது சூட்டை உள்ளேயே அடைத்துவிடும், அடியில் விரியுங்கள். குளிர்விக்கத் தொடங்கிய பின்னரே வைத்தியரிடம் ஓட வேண்டும். வெளியே 30 பாகையாக இருக்கும் நாளில், நிறுத்தி மூடிய வாகனத்தின் உள்ளே பத்து நிமிடத்தில் 40ஐ எட்டிவிடும் என்பதால், தேநீர் குடிக்க இறங்கும்போதும் ஒருவர் நாயுடன் இருந்தே ஆக வேண்டும். புல்டோக், பொக்சர் போன்ற தட்டை மூக்கு நாய்களுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல்.

விடியற்காலை மூன்று, நான்கு மணிக்குப் புறப்படுவதே என் பரிந்துரை. நீர்கொழும்பு, சிலாபம் வழியாகப் புத்தளத்தை அடையும்போது விடிந்திருக்கும். அங்கிருந்து அநுராதபுரம் செல்லும் வீதி காட்டோரமாகப் போவது, இருளில் யானைகள் குறுக்கிடுவதும் உண்டு, எனவே அதைப் பகல் வெளிச்சத்தில் கடப்பது நல்லது. மதிய வெயில் ஏறுவதற்குள் வவுனியாவைத் தாண்டிவிடலாம். புறப்படுவதற்கு மூன்று, நான்கு மணித்தியாலம் முன்பு சிறிதளவு உணவு கொடுத்தால் போதும், முழு உணவை வீடு சேர்ந்த பின் கொடுக்கலாம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை நிறுத்துங்கள், இறங்குமுன் புறங்கையைத் தார் வீதியில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள்; கை பொறுக்காத சூட்டை அதன் பாதமும் பொறுக்காது.

கழுத்துப் பட்டியோடு மார்புப் பட்டியும், இரண்டு மீற்றருக்கு மேற்படாத உறுதியான கயிறும் வேண்டும். சுருளும் நீளக் கயிறு இந்தப் பாதைக்கு உதவாது. முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடியில் உடைத்த தேங்காயின் சிரட்டைத் துண்டுகள் கிடக்கும், தெருநாய்களும் சுற்றி நிற்கும். ஆனையிறவு தாண்டி வரும் முகமாலை நீண்ட காலமாகக் கண்ணிவெடி அகற்றப்பட்டுவந்த நிலம். அங்கு மட்டுமல்ல, வன்னி முழுவதிலும் நாயை அவிழ்த்து விடவே கூடாது; வீதியோரத்தைத் தாண்டிப் பற்றைக்குள் இறக்கவும் கூடாது. வெளிநாட்டுப் பூங்காக்களில் ஓடிப் பழகிய நாய்க்கு இது கடினமாக இருக்கும், ஆயினும் இதில் விட்டுக்கொடுக்க முடியாது.

மருந்துப் பையில் முக்கியமானது உண்ணித் தடுப்பு மாத்திரை. உண்ணிக் காய்ச்சல் அங்குள்ள நாய்களிடம் பரவலாக இருப்பதாலும், உங்கள் நாயின் எடைக்குரிய அளவு ஊரில் உடனே கிடைக்காமல் போகலாம் என்பதாலும், தங்கும் காலம் முழுவதற்கும் போதிய மாத்திரைகளை எடுத்துச் சென்று, புறப்படும் முன்பே கொடுக்கத் தொடங்குங்கள். நெருஞ்சி முள் பிடுங்கச் சாமணமும், துணிக்கட்டும், சவர்க்காரமும் சேருங்கள். விசர்நாய்க்கடி நோய் இன்னும் ஒழியாத நாடு என்பதால், தெருநாய் உங்களைக் கடித்தாலோ கீறினாலோ காயத்தை ஓடும் தண்ணீரில் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். உங்கள் நாய் கடிபட்டால் அதன் தடுப்பூசிப் பதிவோடு மிருக வைத்தியரிடம் போக வேண்டும். மனிதருக்கான பனடோல் போன்ற வலிமாத்திரைகளை நாய்க்குக் கொடுக்காதீர்கள். வழியில் வாங்கும் சோற்றுப் பார்சலையும் பகிர வேண்டாம், கறியிலுள்ள வெங்காயம் நாய்க்கு நஞ்சு, சமைத்த கோழி எலும்போ தொண்டையையும் குடலையும் கிழிக்கும்.

மூலப் பத்திரங்களை நீர் புகாத உறையில் உங்கள் கைப்பையில் வையுங்கள். பிரித்தானியாவுக்கோ ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கோ இலங்கையிலிருந்து நாயைத் திரும்பக் கொண்டுவர, விசர்நோய் எதிர்ப்புச் சக்திக்கான இரத்தப் பரிசோதனை அறிக்கை கட்டாயம். அந்த நாடுகளிலிருந்து புறப்படும் முன்பே அதைச் செய்து முறைப்படி பதிந்துகொண்டால், ஊரில் இரத்தம் எடுத்து மூன்று மாதம் காத்திருக்கும் நிலை வராது. இந்த ஒரு தாளைத் தொலைத்துவிட்டுத் திண்டாடுவதை விட, அதன் பிரதி ஒன்றை வீட்டில் ஒருவரிடம் கொடுத்து வைப்பது எளிது.

வழக்கமான உணவை ஒரு கிழமைக்காவது எடுத்துச் சென்று, எறும்பு புகாத இறுகிய மூடியுள்ள வாளியில் வையுங்கள். உள்ளூர் உணவுக்குச் சிறிது சிறிதாக மாற்ற அந்தக் காலம் தேவை. யாழ்ப்பாணத்தில் பல கிணறுகளின் நீர் உவர்ப்பானது. நாய் குடிக்க மறுத்தால் வற்புறுத்தாமல் போத்தல் தண்ணீரையே சில நாள் கொடுங்கள். வீட்டுப் பெரியவர்கள் நாயை உள்ளே விட விரும்பாமல் இருக்கலாம், அதனால் எங்கே படுக்கும் என்பதைப் புறப்படும் முன்பே தொலைபேசியில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். விறாந்தைதான் இடம் என்றால், நாயின் பழைய படுக்கை விரிப்பைத் துவைக்காமல் அப்படியே கொண்டுபோய் விரித்து, படலையைச் சாத்திவிட்ட பிறகே கயிற்றைக் கழற்றுங்கள்.